மாப்பிள்ளையின் தொண்டை

மாப்பிள்ளையின் தொண்டைக்குள் டியூபைத் தப்பான வழியில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுழையவே மாட்டேன் என்றது. பயிற்சி அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்து அவனுடைய ரப்பர் கன்னத்தைச் சூடாக்கி வைத்திருந்தது. இடது கையில் தொண்டைக்குள் வழி பார்க்கிற ஸ்கோப்பைப் பிடித்து, நாக்கை ஒதுக்கி, தாடையைத் தூக்கி, கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டு, வலது கையால் டியூபைப் பின்பக்கமாக இறக்கினேன். எங்கேயோ முட்டியது. அழுத்தித் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டது. காற்றுப் பையை அமுக்கினால் அவன் நெஞ்சு ஜம்மென்று எழும்பியது. உருவினேன், மறுபடி இறக்கினேன். மறுபடியும் நெஞ்சுதான். ஒரு தப்பைக் கூட ஒழுங்காகச் செய்ய வரவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மாப்பிள்ளை என்பது பொம்மை. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ரப்பர் ஆள். மயக்க மருந்துத் துறைக்குப் படிக்க வருகிற டாக்டர்கள் எல்லோரும் முதலில் கை பழகுவது அவனிடம்தான். அவன் பாட்டுக்கு மல்லாந்து வாயைத் திறந்து கிடப்பான், சுற்றி நின்று பத்துப் பேர் தாங்குவார்கள், அதனால் மாப்பிள்ளை. எந்தக் காலத்தில் எந்தக் குறும்பன் வைத்த பெயரோ, துறைத் தலைவியே "மாப்பிள்ளையத் துடைச்சு வெச்சீங்களா?" என்றுதான் கேட்பார். தொண்டைக்குள் இரண்டு வழி. முன்வழி நுரையீரலுக்கு, பின்வழி வயிற்றுக்கு. ஆபரேஷனுக்கு முன் நாங்கள் கொடுக்கிற மருந்தில் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு மூச்சு நாங்கள்தான். முன்வழியில் டியூபைப் போட்டு, பையை அமுக்கி, அவருக்காக மூச்சு விட வேண்டும். பின்வழியில் போய்விட்டால் காற்று வயிற்றுக்குள் போகும், நெஞ்சு எழும்பாது, உடனே உருவிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பொம்மையில் பின்வழிக்கு ஒரு வயிற்றுப் பையும் உண்டு. தப்பாகப் போட்டால் அது உப்பும். அன்று நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த வயிறு உப்புவதைத்தான்.

ஏனென்றால் திங்கட்கிழமை நான் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் போட்டேன். அவள் ஐசியூவில் கிடந்தாள். கொடுத்த மயக்க மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. இன்னும் தானாக ஒரு மூச்சு கூட எடுக்கவில்லை. மூச்சு வந்தால் ஏதாவது நம்பிக்கை உண்டு, வராவிட்டால் இல்லை. ஐசியூ டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இது. எங்கே என் கை தப்பியது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மாப்பிள்ளையிடம் வந்திருந்தேன்.

எனக்கு முதலிலிருந்தே கை வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே தேறி மனுஷர்களுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் மாப்பிள்ளை வயிற்றை ஊதிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரனும் இதே துறையில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவன். கல்லூரியில் எல்லோரும் அவனைத் தங்கக்கை என்பார்கள். எப்பேர்ப்பட்ட தடித்த கழுத்தானாலும் ஒரே பார்வையில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே டேப்பை ஒட்டுவான். அவன் பெண்டாட்டியா இப்படி என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை. எனக்கு வெறி பிடித்துப் போயிருந்தது. எதிரே உட்கார்ந்து யாராவது கொட்டாவி விட்டால் போதும், மரியாதை இல்லாமல் தொண்டையை எட்டிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சிரிக்கிறவர்களின் தாடையை அளப்பேன். துறைத் தலைவிக்குக் குரல் பெரிது, நாங்கள் வைத்த பெயர் பீரங்கி. அந்தப் பீரங்கி ஒருநாள் எல்லோர் முன்னாலும் வெடித்தது. "உனக்குக் கை வரலைன்னா வேற துறைக்குப் போயிடும்மா. இங்க பாவம் பார்த்து யாரையும் பாஸ் பண்ண முடியாது." அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வாளி நிரம்பி வழிந்தது. என் வீட்டுக்காரன் வெளியேதான் நின்றான், கதவைத் தட்டக்கூட இல்லை. எல்லாம் கேட்டிருக்கும்.

அதற்கடுத்த வாரம் திடீரென்று கை வந்துவிட்டது. முட்டும், தள்ளினால் வழுக்கும், நெஞ்சு எழும்பும். முட்டும், தள்ளு, வழுக்கும். என்னடா இது, இவ்வளவு நாள் இந்தச் சின்ன விஷயமா எனக்குப் பிடிபடவில்லை என்று எனக்கே சிரிப்பு வந்தது. பீரங்கி வந்து பின்னால் நின்று பார்த்தார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். "ம்" என்றார். அவரிடமிருந்து அந்த "ம்" வருவதற்குப் புண்ணியம் செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஓடி வந்து இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஆபரேஷன் தியேட்டரில் பீரங்கி பக்கத்தில் நிற்க இரண்டு மூன்று பேருக்குப் போட்டேன். எல்லாம் சுலபமான தொண்டைகள், வாயைத் திறந்ததும் வழி தெரிந்தது. அதில் என் தைரியம் இன்னும் ஏறிப் போனது.

திங்கட்கிழமை வந்தவள் சலவைக்கடை வைத்திருப்பவள். அவளும் அவள் அக்காவும் சேர்ந்து நடத்துகிற கடை. பித்தப்பையில் கல். மேசையில் படுத்ததும் மேலே விரித்த துணியைத் தொட்டுப் பார்த்து, "என்ன டாக்டரம்மா, இப்படி அரைகுறையா இஸ்திரி போட்டு வெச்சிருக்காங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். "நல்லா தூங்க வைங்க. கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு நாள் நிம்மதியா தூங்கினது இல்ல. எவ்வளவு நேரம் தூங்குவேன்?"

"நாங்க எழுப்புற வரைக்கும்" என்றேன். வழக்கமாகச் சொல்கிற பதில்தான்.

மருந்து ஏறியது, கண் மூடியது, மூச்சு நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தியேட்டரிலிருந்து பீரங்கியைக் கூப்பிட்டார்கள். "போடு, வந்துடறேன்" என்று வெளியே போனார். ஸ்கோப்பை விட்டேன். வழி சரியாகத் தெரியவில்லை, சதை மறைத்தது. பீரங்கி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. ஸ்கோப்பை உள்ளே விடும்போது உன் மூச்சையும் பிடித்துக்கொள், உனக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ அப்போது அவர்களுக்கும் முட்டும், வெளியே வந்துவிடு. நான் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கை வந்துவிட்டதே. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, விரலுக்குத் தெரியுமே. முட்டியது. தள்ளினேன். வழுக்கியது. அப்பாடா என்று பையை இணைத்தேன்.

உள்ளே போன காற்று திரும்பி வரும்போது மானிட்டரில் ஒரு கோடு அலை அலையாக எழும்ப வேண்டும். கோடு எழும்பவில்லை என்றால் டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது. இதைச் சந்தேகிக்கவே கூடாது, முதல் வாரமே மண்டையில் அடித்துச் சொல்லித் தருவார்கள். கோடு படுத்தே கிடந்தது. டெக்னீஷியன், "டாக்டர், கோடு வரல" என்றார். "மானிட்டருக்குப் போற லைன்ல தண்ணி அடைச்சிருக்கும், மாத்துங்க" என்றேன். காலையில் அந்த மெஷின் ஒரு தடவை அப்படித்தான் மக்கர் பண்ணியிருந்தது. மாப்பிள்ளைக்கு மூச்சே கிடையாது, அவனிடம் கோடு எழும்பியதே இல்லை. கோடு இல்லாமல் ஜெயித்துப் பழகிய கண் எனக்கு. அவர் லைனை மாற்றினார். கோடு வரவில்லை. "டாக்டர்..." என்றார். "நெஞ்சுல சத்தம் கேக்குது, உள்ளதான் இருக்கு" என்று ஸ்டெத்தை வைத்துக்கொண்டு சாதித்தேன். எனக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்க வேண்டும் என்று நினைப்பவளுக்கு எதுதான் கேட்காது? முன்கூட்டியே கொடுத்து வைத்த ஆக்சிஜனில் ரத்தம் கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருந்து என்னை ஏமாற்றியது. பிறகு மானிட்டரில் ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்கியது. உதடு கறுத்தது. பீரங்கி ஓடி வந்து என்னை இடித்துத் தள்ளி டியூபை உருவியபோது அவள் வயிறு மேடாக உப்பி இருந்தது. இதயம் நின்று, நெஞ்சை அமுக்க அமுக்க, மறுபடி ஓடியது. அரைகுறையாக இஸ்திரி போட்ட அந்தத் துணி தரையில் கிடந்தது.

அதனால்தான் அந்த மதியம் மாப்பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எந்த வழியில் இறக்கினாலும் முன்னாலேயே போகிறதே என்று கடைசியில் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். முன்வழி திறந்திருந்தது. பின்வழியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நீளமான இடுக்கியை விட்டுப் பிடித்து இழுத்தேன். இறுக்கமாகச் சுருட்டிய பஞ்சு, மேலே டேப் சுற்றியிருந்தது. டேப்பின் முனை சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது, பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. இந்த உலகத்தில் டேப்பை அப்படி மடித்து விடுகிற ஒருவனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பருப்பு டப்பாவின் டேப்பில் கூட அந்த மடிப்பு இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டியது எது, வழுக்கியது எது என்று இப்போது புரிந்தது. மற்றவர்கள் கண்ணால் வழியைப் பார்த்து நேராக முன்னால் போட்டார்கள். அவர்களுக்குப் பஞ்சு தட்டுப்படவே இல்லை. பின்வழிக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பஞ்சு என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சலவைக்கடைக்காரியின் தொண்டையில் பஞ்சு இல்லை.

வீட்டுக்குப் போனபோது இவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக நான் எதையும் தொடவில்லை, எல்லாம் அவன்தான். பஞ்சுச் சுருளைத் தொட்டி ஓரத்தில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தான். குழாயை மூடினான். பொய் சொல்லத் தெரியாதவன், அதையும் சொல்ல வேண்டும்.

"ஒரு வாரத்துல எடுத்துடலாம்னுதான் வெச்சேன். ரெண்டு மூணு தடவை சரியாப் போனா உனக்குப் பயம் போயிடும், அப்புறம் தானா வந்துடும்னு."

"ஏன்டா எடுக்கல?"

ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றான். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சிரிச்சே. எத்தனை மாசமாச்சு நீ அப்படிச் சிரிச்சு. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்னு..."

அறைய வேண்டும் போலிருந்தது. அழவும் வேண்டும் போலிருந்தது. "நான் தோத்திருந்தா என்னடா ஆயிருக்கும்? வேற துறைக்குப் போயிருப்பேன். குழந்தைங்களுக்கு இருமல் மருந்து எழுதிக் கொடுத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவ கடையில துணி மடிச்சிட்டு இருந்திருப்பா. நான் ஜெயிக்கணும்னு உன்கிட்ட யாருடா கேட்டா?"

"காலையில மேடத்துக்கிட்டச் சொல்லிடறேன். எல்லாத்தையும். தப்பு என் பேர்லதான்."

"சொல்லு. சொன்னா அவளுக்கு மூச்சு வந்துடுமா?"

அவன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் தேற்றவில்லை. தேற்ற என்னிடம் என்ன இருந்தது? கோபம் அவன்மேல் எரிந்தது உண்மை. ஆனால் அது முழுசாக எரியவும் இல்லை, அதுதான் வேதனை. பஞ்சு என் விரலைத்தான் ஏமாற்றியது. படுத்துக் கிடந்த கோட்டை என் கண் பார்த்ததே. டெக்னீஷியன் இரண்டு தடவை சொன்னாரே. அங்கே எனக்கு யார் பஞ்சு வைத்தார்கள்? எனக்கு வரும் என்று நம்ப அவ்வளவு ஆசை. அந்த ஆசையை ஊட்டி வளர்த்த பாவி நான்தான். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

மறுநாளும் ஐசியூவுக்குப் போனேன். விசாரணை முடியும்வரை தியேட்டர் பக்கம் வரக்கூடாது என்று பீரங்கி உத்தரவு போட்டிருந்தார். ஐசியூவுக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை, அதனால் முதல் நாளிலிருந்தே தினமும் வந்து அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய அக்கா தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கையில் எப்போதும் சோப்பு வாசனை. தங்கச்சிமேல் விரித்த போர்வையில் சுருக்கம் விழுந்தால் உள்ளங்கையால் அழுத்தி நீவி விடுவாள். நர்ஸ் வந்து கலைத்துவிட்டுப் போனால் மறுபடி நீவுவாள். என்னைப் பார்த்தால் "வாங்க டாக்டர்" என்பாள். அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. அந்த "வாங்க"வை வாங்கிக்கொண்டு நிற்பதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அன்று மூளையை ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் ஐசியூ டாக்டர். எடுத்துப்போகிற சின்ன வென்டிலேட்டர் வேறு நோயாளியோடு போயிருந்தது. யாராவது பையைக் கையால் அமுக்கிக்கொண்டே கூட வர வேண்டும். அவர் சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லை. என்னைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் பார்ப்பது தெரிந்தது. "சும்மாதானே நிக்கிறீங்க. பிடிங்க."

பையை வாங்கிக்கொண்டேன். மெத்தென்ற பச்சை ரப்பர் பை. ஒரு கைக்குள் அடங்கும். டியூபோடு இணைத்து அமுக்கினேன், அவள் நெஞ்சு எழுந்தது. மானிட்டரைப் பார்த்தேன், கோடு எழும்பியது. இப்போது எழும்பி என்ன பிரயோஜனம்? கட்டில் உருண்டது. அமுக்கு, விடு. அமுக்கு, விடு. தாழ்வாரத்தில் பீரங்கியின் அறை வாசலில் இவன் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் ஏதோ உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. என்னவென்று எனக்குத் தெரியும். எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். நான் நிற்கவில்லை. நின்றால் மூச்சு நிற்கும்.

லிஃப்டுக்குள் கட்டில் நுழைந்ததும் இடம் அடைந்துவிட்டது. கால்மாட்டில் ஐசியூ டாக்டர் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமாட்டில் நான், என் தோளை இடித்துக்கொண்டு அக்கா. கதவு மூடியது. அக்காவின் மூச்சுக்காற்று என் கழுத்தில் பட்டது. இனியும் முடியாது என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னிக்கு உள்ள..."

"தெரியும்" என்றாள். "போட்டது நீதான். அன்னிக்கே விசாரிச்சுட்டேன்."

அமுக்கு, விடு. பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன் தினமும் வந்து நிக்கிறேன்னும் தெரியும். அழுவியோ, கால்ல விழுவியோ, அதெல்லாம் எனக்கு வேணாம். அத வெச்சு நான் என்ன பண்றது?" குரல் ஏறவே இல்லை. போர்வையின் ஓரத்தை மடித்து நீவினாள். "இப்ப அவ உன் கையில இருக்கா. ஒழுங்காப் பிடி."

"சரிக்கா" என்றேன்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கத் தொடங்கியது. அமுக்கி விட்டேன். பை உப்பியது. அடுத்ததற்கு விரலை மடக்குவதற்கு முன், பை என் விரல்களுக்குள்ளிருந்து லேசாக விலகிச் சுருங்கியது. நான் அமுக்கவில்லை. யாரோ அந்தப் பக்கமிருந்து மெல்ல இழுத்தது மாதிரி இருந்தது. இழுத்ததும் விட்டுவிட்டது. லிஃப்ட் குலுங்கியதாக இருக்கலாம். என் கை நடுங்கியதாகவும் இருக்கலாம். இந்தக் கைக்கு எதை நம்ப வேண்டுமோ அதை நம்புகிற பழக்கம் உண்டு, அது எனக்குத் தெரியாதா? அவள்தான் மூச்சை இழுத்தாளா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அமுக்குவதை நிறுத்திவிட்டு, விரல்களை முழுசாகத் திறந்தேன்.

"என்ன நிறுத்திட்டீங்க?" என்றார் ஐசியூ டாக்டர்.

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முட்டும்வரை காத்திருக்கலாம், முட்டியதும் அமுக்கிவிட வேண்டும். அக்காவின் கை போர்வைமேல் பாதி நீவியபடி நின்றது. டாக்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்து என் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் பச்சைப் பை அசையாமல் கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. என் நெஞ்சு முட்டத் தொடங்கியது.